முதல் வெளிநாட்டுப் பயணம்: மிருகங்களையும் மனிதர்களையும் எப்படிப் படம் எடுக்கிறீர்கள்?

கூழாங்கல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்டில் கென்யா போகிறேன். மொத்தம் பன்னிரண்டு நாள். அம்போசெலியில் மூன்று இரவு, மசாய் மாராவில் ஐந்து, அப்புறம் லாமு தீவில் மூன்று. நாட்டை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை. நான்கு வருடமாகப் பறவைகளைப் படம் எடுப்பதால் கேமரா கைக்குப் பழகியதுதான். ஒரு கிராப் சென்சார் (முழு அளவை விடச் சின்ன சென்சார்) கேமரா, 100-400 மி.மீ. லென்ஸ், 35 மி.மீ. லென்ஸ், இவ்வளவுதான் என்னிடம் இருப்பவை.

இரண்டு கேள்விகள். ஒன்று, 400 போதுமா, இல்லை 600 மி.மீ. லென்ஸை வாடகைக்கு எடுக்கலாமா?

இரண்டாவதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பறவைக்காக இரண்டு மணி நேரம் புதரோடு புதராக உட்கார என்னால் முடியும். ஆனால் மனிதர்கள் நடுவே கேமராவைத் தூக்கினால் கை தானாக இறங்கிவிடுகிறது. லாமு பழைய நகரத்தில் சந்துகள் குறுகல், சுமையெல்லாம் கழுதை மேல்தான் போகும் என்று படித்ததிலிருந்து அந்தச் சந்துகளைப் படம் எடுக்க ஆசை. ஆனால் யார் வீட்டு வாசலிலோ போய் நின்று லென்ஸை நீட்டுவது சரியா? நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

தூரதேசி எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 400 தாராளமாகப் போதும். உங்கள் சென்சாரில் அது 600 அளவுக்கு நெருக்கிக் காட்டும். மாராவில் சிங்கம் சில சமயம் வண்டி நிழலிலேயே வந்து படுத்துக்கொள்ளும். அப்போது 100 கூட அதிகம். இன்னொன்று, மாராவுக்குச் சிறிய விமானத்தில் போவதாக இருந்தால் பொதுவாக ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையையும் சேர்த்து. பை மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும், கெட்டிப் பெட்டி ஏற்ற மாட்டார்கள். பெரிய லென்ஸ் ஒன்றே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

ட்ரைபாட் வேண்டாம், வண்டிக்குள் விரிக்க இடம் இருக்காது. பீன் பேக்கைக் காலியாக மடித்து எடுத்துப் போங்கள். அங்கே போய் அரிசியோ பயறோ நிரப்பிக்கொள்ளலாம். கூரை திறக்கும் வண்டியில் விளிம்பின் மேல் போட்டு லென்ஸை அழுத்தி வைத்தால் அசையாது. ஒவ்வொரு முறையும் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். இன்ஜின் அதிர்வு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 400இல் படத்தில் கட்டாயம் தெரியும்.

ஷட்டர் வேகம் நிற்கும் மிருகத்துக்கு 1/500, நடக்கும்போது 1/1000, ஓடினாலும் பறந்தாலும் 1/2000க்கு மேல். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனை, ஆட்டோவில் விட்டுவிடுங்கள். அது கூடிப்போய்ப் புள்ளி விழுந்த படத்தை வீட்டுக்கு வந்து சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. பத்து மணிக்கு மேல் தூரத்து மிருகங்களை எடுக்காதீர்கள். சூடான தரையிலிருந்து எழும் காற்று கானல் மாதிரி நெளிந்து, எவ்வளவு நல்ல லென்ஸானாலும் படம் குழம்பிவிடும். பலர் இதை லென்ஸின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அம்போசெலி வறண்ட ஏரிப் படுகை, புழுதி பறக்கும். திறந்த வண்டியில் லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. பின்னணியில் கிளிமஞ்சாரோ வேண்டுமென்றால் விடியும்போதே தயாராக இருங்கள். 5,895 மீட்டர் மலை, வெயில் ஏற ஏற மேகத்துக்குள் போய்விடும்.

லாமு கடற்கரை ஊர். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும். ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

செண்பகம் எழுதியது:

தூரதேசி சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். கென்யா 2017 ஆகஸ்ட் 28இலிருந்து பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்திருக்கிறது. பயணிகளுக்கும் அது பொருந்தும். பக்கத்தில் தான்சானியாவிலும் 2019 ஜூனிலிருந்து தடை இருக்கிறது. தண்ணீர் புகாத துணிப்பை ஒன்றைக் கொண்டுபோங்கள், அதே வேலையைச் செய்யும்.

ட்ரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தனி அனுமதி இல்லாமல் கென்யாவின் பூங்காக்களில் பறக்கவிட முடியாது. மொராக்கோவில் சுங்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். காவல் நிலையம், ராணுவம், அரசு அலுவலகம் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருப்பது எந்த நாட்டிலும் நல்லது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இரவு நிதானமாக எழுதுகிறேன்.

நீர்க்காகம் எழுதியது:

கூழாங்கல், உங்கள் இரண்டு கேள்விகளும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பதினோரு வருடத்துக்கு முன்பு மாராவுக்கு முதல் முறை போனேன். ஒரு பெண் சிவிங்கி, கூடவே மூன்று குட்டிகள். (சிவிங்கி என்றால் சீட்டா. அதையும் சிறுத்தை என்றே பலர் எழுதுகிறோம். சிறுத்தை மரம் ஏறும், உடம்பில் வளையம் வளையமாகப் புள்ளி இருக்கும். சிவிங்கிக்கு அழுத்தமான ஒற்றைப் புள்ளிகள், கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கருங்கோடு.) நான் ஓட்டுநரை "இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே" என்று நச்சரித்தேன். இரண்டு முறை முடியாது என்றார். மூன்றாவது முறை மனசில்லாமல் நகர்த்தினார். எங்களைப் பார்த்து மற்ற வண்டிகளும் நெருங்கின.

அந்தச் சிவிங்கி புல்லுக்குள் பதுங்கி ஒரு கெஸல் மானைக் குறி வைத்திருந்திருக்கிறது. எனக்கு மான் கண்ணில் படவே இல்லை, லென்ஸ் வழியாகச் சிவிங்கியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தத்தில் மான் தலையைத் தூக்கியது, ஓடியது. சிவிங்கி எழுந்து நின்றது. எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. பறவை கத்துகிற மாதிரி ஒரு சின்னக் குரலில் குட்டிகளைக் கூப்பிட்டது, நான்கும் புல்லுக்குள் போய்விட்டன. குட்டிகளின் வயிறு ஒட்டியிருந்தது. அன்று எடுத்த படம் மீசை மயிர் வரைக்கும் துல்லியமானது. இன்றுவரை அதை எங்கேயும் போட்டதில்லை.

2018இல் மாராவில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பயணிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய்ச் சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. பயணிகள் மொய்க்கும் பகுதிகளில் அது 0.2. ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி! அதைப் படித்த அன்று அந்த ஒட்டிய வயிறுகள்தான் நினைவுக்கு வந்தன. சிவிங்கி பகலில் வேட்டையாடும் பிராணி. நாம் வெளியே சுற்றும் நேரமும் அதுதான். ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று மாராவில் விதி இருக்கிறது. நடைமுறையில் அதை ஓட்டுநர் தலையில் கட்டிவிட்டு, விதியை மீறச் சொல்லி நச்சரிப்பது நாம்தான். முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்: "எனக்குக் கிட்டே போக வேண்டாம், கூட்டம் சேர்ந்தால் கிளம்பிவிடலாம்." அதைக் கேட்டதும் அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். அப்புறம் அவருக்குத் தெரிந்த நல்ல இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போவார்.

இதற்கு நேர் எதிரான இரவு ஒன்று. நமீபியாவில் எதோஷா தேசியப் பூங்காவில் ஒக்காகுவேயோ என்ற முகாம். அங்கே ஒரு நீர்க்குட்டை, ராத்திரி முழுக்க மங்கலான விளக்கு எரியும். இந்தப் பக்கம் தாழ்வான சுவர், பெஞ்சு. நாம் எங்கேயும் போக வேண்டாம், உட்கார்ந்தால் போதும். எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு இருட்டுக்குள்ளிருந்து கல் உரசும் சத்தம். ஒரு கருப்புக் காண்டாமிருகம், பின்னால் குட்டி. தாய் குனிந்து தண்ணீரில் மூக்கை வைத்தது. அது உறிஞ்சும் சத்தம் சுவர் வரை கேட்டது. மூக்கிலிருந்து புறப்பட்ட அலை வட்டமாக விரிந்து எதிர்க்கரையைத் தொடும் வரை குட்டி ஆடாமல் அசையாமல் தாயின் தொடையில் தாடையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. லென்ஸைச் சுவர் மேல் வைத்து, ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/30. நாற்பது படத்தில் இரண்டுதான் தேறின. அந்த இரண்டில் ஒன்று என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

சொல்ல வருவது இதுதான். அந்த மிருகம் நம்மை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாத நிலை வரும் வரை காத்திருந்தால் படம் தானாக வரும். மனிதர்கள் விஷயத்தில் ஒரு படி கூட: அவர்கள் நம்மை ஏற்றுக்கொள்ளும் வரை இருக்க வேண்டும். உங்களுக்குப் பறவைக்காக இரண்டு மணி நேரம் உட்காரத் தெரிகிறது அல்லவா, அதையே லாமுவிலும் செய்யுங்கள்.

ஒற்றைப்பனை எழுதியது:

நீர்க்காகம் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு தூக்கம் வரவில்லை. சிவிங்கி விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் மனிதர்கள் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து.

தெருவில் அனுமதி கேட்டால் படம் செத்துவிடும். கேட்டவுடனே முதுகை நிமிர்த்துவார், சட்டையை இழுத்துவிடுவார், சிரிப்பார். நாம் எதைப் பார்த்து நின்றோமோ அது அங்கே இருக்காது. இஸ்தான்புல் கலாட்டா பாலத்தில் தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். நான் மூன்று நாள் மாலை அங்கேயே நின்றேன். ஒருவர் மீன் போட்டு வைத்த வாளிக்கும் பாலத்துக் கம்பிக்கும் நடுவே ஒரு சாம்பல் பூனை. அவர் தூண்டிலை இழுக்கும்போதெல்லாம் பூனையின் கண் தூண்டில் நரம்போடு சேர்ந்து மேலே ஏறும். மீன் இல்லாமல் வெறும் முள் வந்தால் பூனை கண்ணை மூடிக்கொள்ளும். மீன் இருந்தால் ஒரு அடி முன்னே வைக்கும். அவரோ பூனையைப் பார்க்காமலே காலால் வாளியைக் கொஞ்சம் நகர்த்துவார். இதை "ஐயா, படம் எடுக்கட்டுமா" என்று கேட்டு எடுக்க முடியுமா?

35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, 1/250, ஃபோகஸை மூன்று மீட்டரில் கையால் வைத்துவிடுவேன். ஒளித்து எடுக்க மாட்டேன். கேமரா கழுத்தில் எல்லோருக்கும் தெரியும்படிதான் தொங்கும். தூரத்திலிருந்து 400இல் முகத்தைப் பிடிப்பதைத்தான் நான் திருட்டு என்பேன். கிட்டே நின்று, பார்த்தால் தலையசைத்து, வேண்டாம் என்று கை காட்டினால் அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும்.

செண்பகம் எழுதியது:

ஒற்றைப்பனை தம்பி, அந்தப் பூனை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீங்கள் மூன்று மாலை நின்றதால்தான் அது கிடைத்தது, கேட்காமல் எடுத்ததால் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் பக்கத்தையும் சொல்கிறேன். ஒரு விமான நிலையத்தில் பதினான்கு மணி நேரம் காத்திருந்தோம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது, என் மடியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் கலைந்துபோய் இருந்தேன். எதிரே ஒருவர் எங்களைப் படம் எடுத்தார். நான் நிமிர்ந்து பார்த்ததும் சிரித்துவிட்டு நடந்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. "களைத்த தாயும் பிள்ளையும்" என்று எங்கேயோ அந்தப் படம் இருக்கலாம். என் பிள்ளையின் முகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அன்றிலிருந்து குழந்தைகளைப் பெற்றவர்களிடம் கேட்காமல் நான் எடுப்பதே இல்லை.

நேஷனல் ஜியோகிராஃபிக் 1985 ஜூன் இதழின் அட்டையில் வந்த பச்சைக் கண் அகதிச் சிறுமியை எல்லோருக்கும் தெரியும். உலகம் முழுக்கப் பார்த்த முகம். அவருடைய பெயர் 2002 வரை உலகத்துக்குத் தெரியாது. அவருமே அதுவரை அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பதினேழு வருடம்.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அமீரகத்தில் அனுமதியில்லாமல் ஒருவரைப் படம் எடுப்பது சிறை வரை கொண்டுபோகக்கூடிய குற்றம். எகிப்து 2022இல் பொது இடங்களில் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுப்பதை அனுமதித்தது, ஆனால் அந்நாட்டு மனிதர்களை எடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. ஜப்பானில் கியோத்தோ நகரத்தில், ஆடல் பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்து, முதலில் 2019இல் ஜியோன் பகுதியின் தனியார் சந்துகளில் 10,000 யென் அபராதப் பலகை வந்தது. 2024இல் அந்தச் சந்துகளையே பயணிகளுக்கு மூடிவிட்டார்கள். வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நான்கு பேர் வழிமறித்துப் படம் எடுத்தால் அது என்ன ரசனை?

கூழாங்கல், இரண்டே சுவாஹிலி வாக்கியம் கற்றுக்கொண்டு போங்கள். பெரியவர்களைப் பார்த்ததும் "ஷிகாமூ" என்று சொல்ல வேண்டும். மரியாதை வணக்கம் அது. "மரஹபா" என்று பதில் வரும். படம் எடுக்கலாமா என்பதற்கு "நவேசா குபிகா பிச்சா?" லாமுவில் பெண்கள் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள், அதோடு விட்டுவிடுங்கள். மசாய் மக்களை எடுக்கும் முன் கேட்பது கட்டாயம். பலர் பணம் எதிர்பார்ப்பார்கள், அதில் தவறு ஒன்றுமில்லை. தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பழையஃபிலிம் எழுதியது:

எனக்கு வயது அறுபத்தெட்டு. இன்னும் ஃபிலிமில்தான் எடுக்கிறேன். யாராவது ஃபிலிம் கொண்டுபோவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: விமான நிலையங்களில் இப்போது வரும் சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்பதா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. படம் எடுத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதை யாரும் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன். நான் சட்டைப் பையில் அடங்கும் ஒரு பிரிண்டரும் இருபது தாளும் வைத்திருப்பேன். போனில் ஒரு படம் எடுத்து அங்கேயே அச்சுப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். வெள்ளைத் தாளில் முகம் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்போது பக்கத்துக் கடையிலிருந்து, எதிர்வீட்டிலிருந்து எல்லோரும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நீங்கள் அந்நியர் இல்லை. தபாலில் அனுப்புகிறேன் என்று சொன்னால் கட்டாயம் அனுப்ப வேண்டும். சொல்லிவிட்டு மறந்துபோவதை விடச் சொல்லாமலே இருக்கலாம். முகவரியை அவர்களையே என் நோட்டில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டி உறைமேல் ஒட்டிவிடுவேன். தப்பாமல் போய்ச் சேரும்.

சிற்றோடை எழுதியது:

இவ்வளவு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. வெளிநாடு போகும்போது மிருகங்களை எடுக்க நினைப்பதே வீணா?

நீர்க்காகம் எழுதியது:

வீணே இல்லை சிற்றோடை. போனில் ஜூம் செய்து தூரத்து மிருகத்தை இழுக்காதீர்கள், அவ்வளவுதான். மனிதர்களோடு வாழும் மிருகங்களை எடுங்கள். பாங்காக் லும்பினி பூங்காவில் ஆள் நீளத்துக்கு நீர் உடும்புகள் நடைபாதையைக் கடந்து போகும், பக்கத்தில் காலை ஓட்டக்காரர்கள். சிங்கப்பூரில் நீர்நாய்க் குடும்பங்கள் நகரத்து ஆற்றங்கரைப் படிகளில் ஏறும். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் 1664இல் ரஷ்யத் தூதர் பரிசளித்ததிலிருந்து கூழைக்கடாக்கள் இருக்கின்றன. மொராக்கோவின் மராகெஷில் ‘எல் பாதி’ என்ற பழைய அரண்மனையின் இடிந்த சுவர் மேலெல்லாம் செங்கால் நாரைக் கூடு. தென்னாப்பிரிக்காவில் சைமன்ஸ் டவுன் பக்கம் போல்டர்ஸ் கடற்கரையில், வண்டியை எடுக்கும் முன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள் எனப் பலகையே வைத்திருக்கிறார்கள். 2024இல் அந்த ஆப்பிரிக்கப் பென்குயின் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது, அதனால் மரப்பாதையை விட்டு இறங்க வேண்டாம். இந்த இடங்களிலெல்லாம் போனின் அகன்ற லென்ஸ்தான் பொருத்தம். மிருகம், கட்டடம், மனிதர் மூன்றும் ஒரே படத்தில் வரும்.

உயரத்தை மட்டும் பாருங்கள். பென்குயினின் கண் உயரத்துக்குப் போனைத் தலைகீழாகப் பிடித்து இறக்கினால், அதன் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும். கலாபகோஸ் தீவுகளில் எந்த மிருகத்திடமிருந்தும் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கே கடல் சிங்கம் தானாகவே உங்களிடம் வரும், அப்போது பின்வாங்க வேண்டியது நீங்கள். ஃப்ளாஷ் அங்கே கூடவே கூடாது.

தூரதேசி எழுதியது:

தீனி போட்டு மிருகங்களை வரவழைத்து எடுக்கும் இடங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? ஜப்பானின் ஹொக்கைடோவில் கொக்குகளுக்குத் தீனி போடும் இடத்துக்கு அடுத்த குளிர்காலத்தில் போகலாமா என்று யோசிக்கிறேன். தப்பா?

நீர்க்காகம் எழுதியது:

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத விஷயம். அந்தச் செங்கொண்டைக் கொக்குகள் 1952 கணக்கெடுப்பில் அங்கே 33தான் இருந்தன. கடுங்குளிரில் பட்டினி கிடந்த பறவைகளுக்கு விவசாயிகள் மக்காச்சோளம் போட ஆரம்பித்தார்கள். அதனால்தான் இன்று அவை ஆயிரத்தைத் தாண்டி நிற்கின்றன. அது பறவைக்காகப் போட்ட தீனி. ஆந்தை பாய்வதைப் படம் எடுக்க உயிருள்ள எலியைப் பனியில் விடுகிறார்களே, அது படத்துக்காகப் போடுவது. அப்படிப் பழகிய ஆந்தை சாலையோரம் நிற்கும் வண்டிகளைத் தேடி வந்து அடிபடும். முதல் வகைக்குப் போங்கள், இரண்டாவதை நடத்துபவர்களுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள்.

படத்துக்காக எதையும் செய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. உலகின் பெரிய வனவிலங்குப் படப் போட்டியில் 2009இல் வேலியைத் தாண்டும் ஓநாய் படம் முதல் பரிசு வாங்கியது. அது பழக்கிய ஓநாய் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னி படம், பாடம் செய்த எறும்புத்தின்னியை வைத்து எடுத்தது என்ற முடிவோடு 2018இல் நீக்கப்பட்டது.

ஹொக்கைடோவில் ஓத்தோவா பாலத்தில் விடியற்காலை நிற்கப் போகிறீர்கள் என்றால், பேட்டரிகளை உள்சட்டையில் உடம்பை ஒட்டி வையுங்கள், குளிரில் சட்டென்று இறங்கிவிடும். பனியைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சத்தை) ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டுங்கள்.

கூழாங்கல்லுக்கு மறந்துபோன ஒன்று: போனிலும் கேமராவிலும் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். காண்டாமிருகம் நின்ற இடம் படத்தின் தரவிலேயே பதிந்திருக்கும். இணையத்தில் போட்டால் கொம்புக்காகக் கொல்பவர்களுக்கு வழி காட்டுவதாகிவிடும். படத்தை அன்றன்றைக்கே போடாமல் ஊர் திரும்பிப் போடுங்கள்.

கூழாங்கல் எழுதியது:

வந்துவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மாராவில் முதல் காலையிலேயே ஓட்டுநரிடம் நீர்க்காகம் அண்ணா சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டுக் கையை நீட்டிக் குலுக்கினார். மூன்றாம் நாள் ஒரு சிவிங்கியைப் பார்த்தோம், கூட இரண்டு குட்டி. எங்களுக்கு முன்பே நான்கு வண்டிகள். நாங்கள் ஐந்தாவது. ஆறாவது வண்டி வரும் புழுதி தெரிந்ததும் அவர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன், கிளம்பிவிட்டோம். ஏழு நிமிடம்தான் பார்த்தேன். மனசு கனத்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கூட்டிப்போன ஆற்று வளைவில் வேறு வண்டியே இல்லை. எதிர்க்கரையில் வில்டபீஸ்ட் மான் கூட்டம் சேர்ந்து சேர்ந்து கலைந்தது. இரண்டரை மணி நேரம். ஆற்றில் இறங்கவே இல்லை. முன்னால் நின்ற ஒன்று தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பியது, அது திரும்பியதும் பின்னால் இருந்த நூற்றுக்கணக்கானவையும் திரும்பின. அந்த ஒன்று முகரும் படம் என்னிடம் இருக்கிறது. பயணத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

லாமுவில் ஒரு தச்சர். வீட்டுக் கதவுகளில் பூவேலை செய்பவர். அவர் கடைக்கு எதிரே திண்ணை மாதிரி ஒரு கல் பெஞ்சு, பராஸா என்கிறார்கள். முதல் நாள் "ஷிகாமூ" சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்தேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அவர் மரஹபா சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். உளி ஒரு பூவிதழின் ஓரத்தைச் சுற்றி வரும்போது மூச்சை நிறுத்திக்கொள்வார், இதழ் முடிந்ததும் ஊதுவார். ஊதிய தூள் முன்கை மயிரில் படிந்து கை முழுக்க வெளுத்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் கேட்பதற்கு முன்பே என் பையைக் காட்டி "பிச்சா?" என்றார்.

ஒற்றைப்பனை அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி நிமிர்ந்து சிரிக்கத்தான் செய்தார். அதையும் எடுத்தேன். பத்து நிமிடத்தில் என்னை மறந்து மூச்சை நிறுத்திக்கொண்டு இதழைச் செதுக்க ஆரம்பித்தார். அதையும் எடுத்தேன். கடைசியில் பார்த்தால் சிரித்த படத்தைத்தான் அவர் கேட்டார். போன வாரம் இரண்டையும் அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பினேன். முகவரி அவர் கையெழுத்து.

ஒற்றைப்பனை எழுதியது:

மூச்சு நின்ற படத்தைப் பார்த்தேன். நான் எடுத்ததாக இருக்கக்கூடாதா என்று நினைக்க வைத்துவிட்டீர்கள். கேட்டு எடுத்தால் படம் செத்துவிடும் என்று எழுதினேன் அல்லவா, கேட்டுவிட்டு உடனே கிளம்பினால்தான் அப்படி என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் கலாட்டா பாலத்தில் இன்னமும் கேட்க மாட்டேன்.

செண்பகம் எழுதியது:

பரவாயில்லை தம்பி. அந்தப் பூனையிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூழாங்கல், கடிதம் போய்ச் சேர்ந்த செய்தி வந்தால் இங்கே எழுத மறக்காதீர்கள்.

கூழாங்கல் எழுதியது:

கட்டாயம் எழுதுகிறேன் அக்கா. கடைசியாக ஒரு கேள்வி. மாராவில் ஊதா மார்புப் பனங்காடைகள் எங்கே பார்த்தாலும் இருந்தன. உட்கார்ந்த படம் நூறு இருக்கிறது. இறக்கையை விரித்தால்தானே அந்த நீலம் தெரியும்? ஒவ்வொரு முறையும் நான் அழுத்துவதற்குள் படத்தை விட்டே பறந்துவிட்டது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

நீர்க்காகம் எழுதியது:

உண்டு. கிளம்புவதற்குச் சற்று முன்பு பெரும்பாலும் எச்சமிடும், உடம்பைத் தாழ்த்தும். அதைப் பார்த்த கணமே அழுத்த ஆரம்பித்துவிடுங்கள். ஷட்டர் 1/3200, படபடவென்று தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்டில். பறவையைச் சட்டத்தின் நடுவில் வைக்காமல் அது பார்க்கும் பக்கம் இடம் விட்டு வையுங்கள். தப்பிவிட்டாலும் கேமராவை இறக்க வேண்டாம். தரையில் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்குத்தான் திரும்பும்.